பெண் பார்க்கப் போன சிறுநீரகங்கள்

சிறுநீரகத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறவனுக்குத் தன் சிறுநீரகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதற்கு நானே சாட்சி. போதாதென்றால் தங்காக் ஊரில் இன்னும் மூன்று சாட்சிகள் உண்டு.

அப்போது கூலாயில் ஒரு டியூஷன் நிலையத்தில் உயிரியல் ஆசிரியராக இருந்தேன். தினமும் இரண்டு லிட்டர் தண்ணீர் குடிப்பவன் என்று பெருமை பேசித் திரிந்த காலம். (குடிக்காதவர்களைத் திட்டவும் செய்வேன்.) ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் தங்காக்குக்குப் பெண் பார்க்கக் கிளம்பினோம். பெண்ணின் பெயர் தேன்மொழி, டயாலிசிஸ் நர்ஸ். புகைப்படத்தைப் பார்த்த நாளிலிருந்தே எனக்குச் சம்மதம். ஏற்கெனவே மூன்று வீடுகளில் என்னை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். நான்காவதும் கைவிட்டுப் போகக் கூடாதே என்று உள்ளுக்குள் உதறல்.

நாலரைக்கு இராகு காலம். அதற்குள் அவர்கள் வாசற்படியைத் தாண்டியாக வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. நெடுஞ்சாலையில் நெரிசல். பாதி வழியிலேயே என் இரண்டு லிட்டர் பாட்டில் காலி. பாகோ ஓய்விடம் வந்ததும் வண்டியைத் திருப்பப் பார்த்தேன்.

"எங்கடா போற? மணியப் பாத்தியா?"

"ரெண்டு நிமிஷம்மா."

"அங்க போய்ப் பாத்துக்கலாம் லா. ஆனா போன ஒடனே டாய்லெட் எங்கன்னு கேட்டு மானத்த வாங்காத."

(இரண்டு உத்தரவும் ஒரே மூச்சில் வந்தன.)

நாலு இருபத்தேழுக்கு உள்ளே நுழைந்தோம். மூன்று நிமிடம் மிச்சம் என்று அம்மாவுக்குப் பெருமை. எனக்கு மூன்று நொடிகூட மிச்சமில்லை.

பெண்ணின் அப்பா துணிக்கடைக்காரர். அவர் வீட்டுக் கூடத்தில் பாதியை ஒரு கண்ணாடித் தொட்டி அடைத்திருந்தது. உள்ளே ஓர் அரோவானா மீன், மூலையில் சளசளவென்று ஓயாமல் கொட்டும் தண்ணீர். என்னை அதற்கு நேர் எதிரே உட்கார வைத்தார்கள். பெண்ணின் அம்மா பார்லித் தண்ணீர் கொண்டுவந்தார். மறுத்தால் மரியாதையில்லை என்று குடித்தேன். பிறகு இளநீர் வந்தது. அதையும் குடித்தேன். ஏர்கோனைப் பதினாறு டிகிரியில் வைத்திருந்தார்கள். குளிரில் சிறுநீர் அதிகம் சுரக்கும் என்று எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். அன்றுதான் எனக்கே புரிந்தது.

"தம்பி பயாலஜி வாத்தியார்னு சொன்னாங்க," என்று தொடங்கினார் பெண்ணின் அப்பா. "ரொம்ப நாளா ஒரு சந்தேகம். மீனு ஒன்னுக்குப் போகுமா?"

உலகத்தில் கேட்பதற்கு எவ்வளவோ கேள்விகள் இருக்கின்றன.

"போகும் அங்கிள். இது நல்ல தண்ணி மீனு. வெளிய இருக்கற தண்ணிய விட அது உடம்புல உப்பு அதிகம். அதனால குடிக்காமலே தண்ணி உள்ள ஊறிக்கிட்டே இருக்கும். கிட்னி அத நிறுத்தாம வெளிய தள்ளிக்கிட்டே இருக்கணும்."

"இப்பவும் போய்க்கிட்டா இருக்கு?"

"இப்பவும்தான்."

அரோவானா என்னைப் பார்த்தது. ஒரு மீன்மேல் அவ்வளவு பொறாமை எனக்கு வேறெப்போதும் வந்ததில்லை. கடல் மீனாகப் பிறந்திருந்தாலும் தேவலை. கடல்நீரைக் குடித்து, உப்பைச் செவுள் வழியே தள்ளிவிட்டு, கொஞ்சமாகப் போனால் போதும். பறவைக்கு இன்னும் வசதி. கழிவை வெள்ளைப் பசையாக்கி யார் கார்மீதாவது போட்டுவிட்டுப் பறந்துவிடலாம். (இதையெல்லாம் வாய்விட்டே விளக்கினேன். பேசிக்கொண்டிருந்தால் மறந்துவிடும் என்று நம்பினேன். மறக்கவில்லை.) ஒட்டகத்துக்கு வந்தபோது என் குரல் இரண்டு கட்டை ஏறியிருந்தது.

அப்போதுதான் தேன்மொழி தட்டில் நுரை ததும்பும் தே தாரிக் டீயோடு வந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவேயில்லை, கோப்பையைத்தான் பார்த்தேன். அவள் என் முழங்கால்களைப் பார்த்தாள். அவை ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன.

"அப்பா, போதும் லா. அவருக்கு டாய்லெட்ட காட்டுங்க."

"இல்லீங்க, பரவால்ல," என்றேன். (பார்த்தீர்களா, அப்போதும் கௌரவம்.)

"அடக்கறது நல்லதில்லன்னு வாத்தியாருக்குத் தெரியாதா?"

ஓடினேன். கழிவறை கூடத்தை ஒட்டியே இருந்தது. மெல்லிய பிளாஸ்டிக் கதவு, அதற்கு மேலே காற்றுக்காகத் திறந்த இடைவெளி. தொடங்கியது, நின்றபாடில்லை. வெளியே பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. சத்தத்தை மறைக்கக் குழாயைத் திருகினேன். தண்ணீர் நூல்போல வந்தது. அம்மா பதறிப்போய் உரத்த குரலில், "இந்தப் பக்கம் மழையெல்லாம் எப்படிங்க?" என்று கேட்பது காதில் விழுந்தது.

"மழையே இல்லீங்க," என்றார் பெண்ணின் அப்பா, கவனமாகக் கேட்டுக்கொண்டே.

நான் வெளியே வந்தபோது தேன்மொழி கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தாள். "ரெண்டு நிமிஷம், பத்து செகண்ட்," என்றாள்.

திரும்பும் வழியில் அம்மா ஒரு வார்த்தைதான் பேசினார்: "அலமாக்." (எங்கள் ஊரில் 'அடக் கடவுளே' என்பதற்கு அதுதான் சொல்.) நான்காவது வீடும் போயிற்று என்று நானும் முடிவு கட்டிவிட்டேன். இரண்டு நாள் கழித்துச் சம்மதம் என்று தொலைபேசி வந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு காரணம் கேட்டேன்.

"எங்க சென்டருக்கு வர்றவங்க பல பேருக்கு ஒரு சொட்டுகூட வராது. மெஷின்தான் எல்லாத்தையும் எடுக்கணும். ஒரு கிளாஸ் தண்ணியக்கூட அளந்துதான் குடிப்பாங்க. அன்னிக்கு ஹால்ல எல்லாரும் வெக்கப்பட்டாங்க. எனக்கு மட்டும் அது நல்ல சத்தமா இருந்துச்சு."

அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமனாருக்கு அந்தக் கருணையெல்லாம் கிடையாது. இன்றும் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கழிவறை விளக்கைப் போட்டுவிட்டு, வீடு நிறைய விருந்தாளிகள் இருந்தாலும் அறிவிப்பார்: "மாப்பிள்ள வந்துட்டாரு. கொஞ்ச நேரம் யாரும் பேசாதீங்க."

தேன்மொழி கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள்.