உம் கொட்டிய மைக் செட்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது. அதனிடம் ஒரு மைக் செட் இருந்தது. சுவிட்சைப் போட்டாலே "உம்ம்ம்ம்" என்று இரையும்.

போன மழையில் அணை திறந்தபோது, காவல் குரங்கு அந்த மைக்கில்தான் கத்தியது: "தண்ணி வருது, மேட்டுக்கு ஏறுங்க!" ஆற்றங்கரைக்கு உம் மட்டும்தான் கேட்டது. முயல் குடும்பத்தில் பாதி போய்விட்டது. சிங்கம் மைக்கில் ஆழ்ந்த இரங்கல் தெரிவித்தது. அதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

ரேடியோ கடை முள்ளம்பன்றி கோமளவல்லிக்கு மனசு ஆறவில்லை. தானாகவே போய் மைக் செட்டின் பவர் சப்ளையைத் திறந்தாள். வெளியே போகும் கரண்டைச் சீராக்க வேண்டிய கெப்பாசிட்டர் தலை உப்பிக் கிடந்தது. ஆள் பெரிதாக இருந்தால் போதும் என்று யாரோ மாட்டிய சரக்கு. கோமளவல்லி தேடிப் பிடித்து, உள்தடை குறைந்த, சூடு தாங்கும், வோல்ட்டேஜ் கொஞ்சம் எகிறினாலும் அசராத ஒன்றைப் பற்றவைத்தாள். இரைச்சல் நின்றது.

மறுநாள் சிங்கம் மேடை ஏறியது.

"இந்தக் காட்டில் பசியே இல்லை!"

அமைதி.

"வெள்ளத்தைத் தடுத்ததே நான்தான்!"

பின்வரிசையில் ஓர் ஆமை கொட்டாவி விட்டது துல்லியமாகக் கேட்டது.

சிங்கம் தன் செயலாளர் மயிலைக் கூப்பிட்டது. "என்னய்யா இது? இத்தனை வருஷமா நான் பேசப் பேச ஜனங்க உம் கொட்டினாங்களே. இன்னிக்கு என்ன கேடு?"

உண்மையைச் சொன்னால் தோகை மிஞ்சாது என்று மயிலுக்குத் தெரியும். "சதி, மகாராஜா. அந்த முள்ளம்பன்றி மக்கள் குரலையே பிடுங்கிட்டா."

கோமளவல்லியை இழுத்து வந்தார்கள்.

"மகாராஜா, உம் கொட்டினது ஜனங்க இல்லீங்க. பழைய கெப்பாசிட்டர்."

"அதுக்கு இருந்த விசுவாசம்கூட உனக்கு இல்லியே!" சிங்கம் பல்லைக் காட்டியது. "சாயங்காலத்துக்குள்ள எனக்கு உம் கேக்கணும்."

கோமளவல்லி கடையில் உட்கார்ந்து, முன்னைவிடக் கவனமாகத் தேடினாள். இருப்பதிலேயே காய்ந்துபோன கெப்பாசிட்டர் எது என்று சோதித்துப் பார்த்து மாட்டினாள். இந்த முறை உம் பக்கத்துக் காடு வரை கேட்டது. சிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. 'மக்கள் குரல் மீட்ட மாமணி' என்று பட்டம் கொடுத்தது.

பட்டத்தோடு வீட்டுக்கு வந்தவள், அன்றைக்கே கடையையும் குட்டிகளையும் மலை உச்சிக்கு மாற்றினாள்.

"ஏங்க்கா, திடீர்னு மேல போறீங்க?" என்று மிஞ்சிய முயல்களில் ஒன்று கேட்டது.

"அங்க காத்து நல்லா வருதுப்பா," என்றாள் கோமளவல்லி, முயலின் முகத்தைப் பார்க்காமல்.

நீதி: நல்ல கெப்பாசிட்டரைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, மேட்டில் ஒரு வீட்டையும் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்.