மூன்றாம் மாடிப் பிரித்தானியர்

ஆள் ஓர் ஊரிலும் அபிப்பிராயம் இன்னோர் ஊரிலுமாகக் குடியிருக்கிற ஓர் இனம் உண்டு, வாசகரே. வாடகை கட்டுவது இங்கே, வரி கட்டுவது இங்கே, பல்லுப் பிடுங்குவதும் இங்கேதான். கோபம் மட்டும் கடல் கடந்து போய் வேறொரு நாட்டு நாடாளுமன்ற வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்கும். கனடாவில் இருந்து இந்தியாவைத் திருத்துகிறவர், பாரிஸில் இருந்து அமெரிக்காவை ஆளுகிறவர் என்று இதில் கிளைகள் பல. ஜேர்மனியில், எங்கள் எசன் நகரில், நான் இருக்கும் ஐந்து மாடிக் கட்டடத்தில், இந்த இனத்தின் முதல்தரமான ஒருவர் இருக்கிறார். அவர் ஆளுவது பிரித்தானியாவை. பெயர் ஜேசுரட்ணம். மூன்றாம் மாடி, இடப்பக்கக் கதவு.

நான் இரண்டாம் மாடி. அதாவது, பிரித்தானியா என் தலைக்கு மேலே இருக்கிறது.

ஜேசண்ணைக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் விடியப்புற வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவார். புதன்கிழமை என்றால் சோற்றுக் கோப்பையோடு ரிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்; லண்டனில் பிரதமரைக் கேள்வி கேட்கிற நாள் அது. அங்கே சபாநாயகர் "ஓடர், ஓடர்" என்று சொல்வதற்கு முன்பே இங்கே இவர் சொல்லிவிடுவார். எதிர்க்கட்சி ஒரு நல்ல கேள்வியைக் கேட்காமல் விட்டால், அந்தக் கேள்வியைக் குசினியைப் பார்த்து இவர் கேட்பார். மனைவி கொறற்றி அக்கா பிரதமரின் இடத்தில் நின்று பதில் சொல்லவேண்டிவரும். "இன்னும் கொஞ்சம் பருப்பு விடவோ?" என்பதுதான் அவர் வழமையாகச் சொல்லும் பதில். உண்மையான பிரதமரின் பதிலைவிட இது பரவாயில்லை என்று ஜேசண்ணையே ஒருமுறை ஒத்துக்கொண்டார்.

தபால் பெட்டியடியில் அவரைச் சந்திக்கிறீர்கள் என்று வையுங்கள். "மழை வரும்போல கிடக்கு அண்ணை" என்கிறீர்கள்.

"மழை கிடக்கட்டும். தெருவில முகம் பாக்கிற கமரா பூட்டுறாங்களாம், கேள்விப்பட்டனீரோ?"

"எங்கட தெருவிலயோ அண்ணை?"

"சீ! குறொய்டனில."

லண்டனின் தெற்கில் உள்ள குறொய்டனில் இருக்கிறவர் அவருடைய மைத்துனர் றெக்ஸ், கொறற்றி அக்காவின் தம்பி. ஜேசண்ணை பிரித்தானியாவுக்கு இரண்டே தடவை போயிருக்கிறார், ஒரு கலியாணத்துக்கும் ஒரு ஞானஸ்நானத்துக்கும். இரண்டு தடவையும் றெக்ஸின் குசினியில் நின்று றோல்ஸ் பொரித்ததோடு திரும்பிவிட்டார். ஆனால் "நாங்கள் ஐரோப்பாவை விட்டு வெளியேறினது பிழை" என்று அவர் சொல்லும்போது அந்த "நாங்கள்" ஜேர்மன்காரர் அல்ல, தமிழரும் அல்ல. அவரும் அரசரும் சேர்ந்த "நாங்கள்" அது. மக்னா காட்டா என்ற பழைய உரிமைச் சாசனத்தைப் பற்றி, பேசி முற்றாகிற நேரத்தில் கலியாணம் குழம்பிப்போன சொந்தக்காரப் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல, ஒரு வருத்தத்தோடு சொல்வார். பிரித்தானியாவில் எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுக்கப்போகிறார்கள் என்ற கதை வந்த நாட்களில் அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. "ஒரு மனிசன் தான் ஆர் எண்டு அரசாங்கத்துக்கு ஏன் காட்டவேணும்? சொல்லும் பாப்பம்!" என்று என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அப்போது அவர் குப்பை கொட்ட வந்திருந்தார். சட்டைப் பையில் அவருடைய ஜேர்மன் அடையாள அட்டை இருந்தது. அது இல்லாமல் அவர் குப்பை கொட்டக்கூடப் போவதில்லை.

ஏன் பிரித்தானியா? காரணம் இருக்கிறது. மனிதர் இருபது வயதில் லண்டனுக்கென்றுதான் வெளிக்கிட்டவர். ஏஜென்சிக்காரன் கிழக்கு பெர்லின் வரையும் கொண்டுவந்து, "இனிக் கிட்டத்தான், இந்த ரயிலில ஏறும்" என்று அனுப்பிவிட்டான். ஏறினார். இறங்கினால் மேற்கு பெர்லின். அங்கிருந்து அகதி முகாம், முகாமிலிருந்து எசன். அதற்குப் பிறகு வருடக்கணக்காகத் தற்காலிகக் கடதாசி. இன்றைக்கோ நாளைக்கோ திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் அவர் ஒரு கொள்கையைக் கண்டுபிடித்தார். ஜேர்மன்காரன் கேட்டால் "யா". கேட்காவிட்டாலும் "யா". பிறகு குடியுரிமை கிடைத்தது, மகள் துஷானி பிறந்து வளர்ந்து பீலெஃபெல்டில் படிக்கப் போனாள், தலைமுடி நரைத்தது. "யா" மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பேசாமல் விட்டதெல்லாம் எங்காவது போகத்தானே வேண்டும்? அதெல்லாம் சேர்ந்து இங்கிலாந்துக்குப் போனது.

இப்படி இருக்கையில்தான் எங்கள் கட்டடத்தில் லிஃப்ற் நின்றது.

கோடை முடிகிற நேரம் நின்றது; இலையெல்லாம் கொட்டி முடிந்த பிறகும் ஓடவில்லை. கதவில் "விரைவில் திருத்தப்படும்" என்று ஒட்டியிருந்த கடதாசி மஞ்சளாகிவிட்டது. எங்களுக்குக் கால் நோவு மட்டும்தான். ஐந்தாம் மாடி பீட்ரெக் அம்மாவுக்கு அது சிறை. எண்பது தாண்டியவர், இடுப்பெலும்பு மாற்றிய ஆள். வியாழக்கிழமைதோறும் தெருமுனைக் கடையில் மூன்று கிழவர்களோடு சீட்டாடி, அவர்களைத் தோற்கடித்து, ஒரு பியர் குடித்துவிட்டு வருவதுதான் அவருடைய வாழ்க்கை. இப்போது அவரால் இறங்க ஏலாது. அந்தக் கிழவர்களால் ஏற ஏலாது. யன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டே மனுசி மெலிந்துபோனார்.

அவருக்கு உருளைக்கிழங்கும் பாலும் சுமந்தது கொறற்றி அக்கா. ஒருநாள் அவர் பையோடு ஏறிக்கொண்டிருந்தபோது, கட்டடத்தைப் பார்க்க வந்த நிர்வாகி படியில் ஜேசண்ணையைக் கண்டு, "எல்லாம் சரிதானே?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டிருக்கிறார்.

"யா, யா. எல்லாம் மிக நல்லது" என்றார் ஜேசண்ணை. நிர்வாகி போகும்போது வாசல் கதவையும் திறந்து பிடித்தார்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் சண்டை. என் தலைக்கு மேலே நடந்ததால் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அந்த மனுசி சாகக் கிடக்குது. எல்லாம் நல்லதெண்டு சொல்லுறியள்!"

"எங்களுக்கேன் தேவையில்லாத வேலை, கொறற்றி? நாங்கள் வந்த இடம்."

"வந்து நாப்பது வருசமாச்சு! இன்னும் வந்த இடமே?"

பிறகு கதிரைகள் இழுபட்டன. நானும் படுத்துவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் நான் கடைக்குப் போய்விட்டு வரும்போது தெருவில் ஐந்தாறு பேர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் நிமிர்ந்தேன். மூன்றாம் மாடிப் பல்கனியிலிருந்து றோசாப்பூப் போட்ட பெரிய பெற்சீற் ஒன்று தொங்கியது. அதில் கறுப்புத் துணியில் வெட்டித் தைத்த எழுத்துகள். ஜேர்மன் மொழியில் இரண்டே வசனம்: "லிஃப்ற் நிற்கிறது. நாங்களும் நிற்கிறோம்." கொறற்றி அக்காவுக்குத் தையற்கடையில் வேலை. ஓரமெல்லாம் மடித்து அழகாக அடித்திருந்தார். மனிதர் ரிவிக்கு முன்னால் இருந்த நேரம் பார்த்துக் கட்டியிருக்கவேண்டும். விடுமுறைக்கு வந்த துஷானி எழுத்துப்பிழை பார்த்திருக்கிறாள்.

நான் ஓடி ஏறினேன். கதவைத் திறந்தவர் ஜேசண்ணையேதான், காதில் தொலைபேசியோடு. மறுபக்கம் றெக்ஸ்.

"லண்டனில பதாகை பிடிச்சதுக்குப் பொலிஸ் அள்ளிக்கொண்டு போகுது, றெக்ஸ்! ஒரு மட்டையில நாலு எழுத்து எழுதிப் பிடிச்சதுக்கு! நீங்கள் எல்லாரும் பாத்துக்கொண்டு இருக்கிறியள்! நான் அங்க இருந்திருந்தால்..."

"அத்தான், எனக்கு வான் நிப்பாட்ட இடம் கிடைக்கேல்லை, பேந்து எடுக்கிறன்" என்று றெக்ஸின் குரல் எனக்கே கேட்டது.

"அண்ணை, உங்கட பல்கனியைப் பாத்தியளோ?" என்றேன்.

பார்த்தார். முதலில் பெற்சீற்றின் முதுகுப்பக்கத்தைத்தான் பார்த்தார். பிறகு எட்டிக் குனிந்து எழுத்துகளைத் தலைகீழாக வாசித்தார். முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் குறொய்டனுக்குப் போய்விட்டது.

"கொறற்றி! உமக்கு விசரே? இது ஜேர்மனி!"

"ஓம், தெரியும்."

"வீட்டை விட்டு எழுப்பிப்போடுவாங்கள்!"

"அப்பா, பேச்சுச் சுதந்திரம் எண்டு வேலையால வந்த நேரம் தொட்டுச் சொன்னீங்களே" என்றாள் துஷானி, ஒரு கதிரையில் சாய்ந்தபடி.

"அது அங்க!"

"இஞ்ச என்ன?"

ஜேசண்ணை நேரே பல்கனிக்குப் போய் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். கொறற்றி அக்காவின் முடிச்சு இலேசில் அவிழாது. மனிதர் கம்பிக்கு மேலால் வளைந்து, மூக்கால் மூச்சு விட்டு, இரண்டு கையாலும் மல்லுக்கட்டினார். கீழே நின்றவர்களுக்கு என்ன தெரிந்தது? ஒரு மனிதர் உயிரைக் கொடுத்துப் பெற்சீற்றைக் கட்டுகிறார் என்று தெரிந்தது. ஒருவர் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். ஐந்தாம் மாடி யன்னல் திறந்தது.

"ஹெர் யேசு!" என்று பீட்ரெக் அம்மா கத்தினார். ஜேசுரட்ணம் என்ற பெயரை முழுதாகச் சொல்ல வராமல் அவர் வைத்த பெயர் அது. ஜேர்மனில் "ஹெர்" என்றால் ஐயா என்றும் ஆகும், கர்த்தர் என்றும் ஆகும். தெரியாதவர்கள் கேட்டால் மனுசி கர்த்தரைக் கூப்பிடுகிறார் என்று நினைப்பார்கள். "ஹெர் யேசு! நீங்களா இதைச் செய்தீர்கள்? எனக்காகவா?"

ஜேசண்ணை மேலே பார்த்தார். கீழே பார்த்தார். உள்ளே மனைவியைப் பார்த்தார். நாற்பது வருடத்தில் இந்த நாட்டில் ஒருவரும் அவருக்குக் கைதட்டியதில்லை.

"யா" என்றார்.

அவிழ்த்த முடிச்சைத் திரும்பவும் கட்டினார். இரண்டு சுற்று.

மறுநாள் நிர்வாகி வந்தார். நான் சும்மா, தற்செயலாக, மூன்றாம் மாடிப் படியில் நின்றேன். வாசலில் நின்ற நிர்வாகி, "இந்த விரிப்பு யாருடையது?" என்று கேட்டார். துஷானி வாயைத் திறக்க முன்னர் ஜேசண்ணை முன்னுக்கு வந்தார். அவருடைய கை அவரைக் கேட்காமலே சட்டைப் பைக்குள் போய் அடையாள அட்டையை எடுத்து நீட்டியது.

நிர்வாகி திகைத்தார். "இது எதற்கு? இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லையே."

"இல்லையோ?" என்று ஜேசண்ணை தமிழில் கேட்டார். பிறகு ஜேர்மனில் கேட்டார்.

"இல்லை."

ஜேசண்ணை அட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்தார். அவர் வைத்த விதத்தை நான் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது. பாண் சுமந்து வளைந்த அந்த முதுகு, எலும்பு எலும்பாக நிமிர்ந்தது.

"விரிப்பு என்னுடையது" என்றார். "லிஃப்ற் எப்ப ஓடும்?"

நிர்வாகி பெருமூச்சு விட்டார். "எங்கள் கையில் இல்லை. ஓர் உதிரிப்பாகம் வரவேண்டும். சுங்கத்தில் நிற்கிறது. இங்கிலாந்திலிருந்து வருகிறது."

வாசகரே, அந்த நிர்வாகி நல்ல மனிதர். அந்தக் கட்டடத்தில் ஒன்பது கதவுகள் இருந்தன. வேறு எந்தக் கதவுக்கு முன்னால் நின்றும் அவர் இந்தச் சொல்லைச் சொல்லியிருக்கலாம்.

"எங்க நிக்குது? டோவர் துறைமுகத்திலயோ?" என்று தொடங்கினார் ஜேசண்ணை. வெளியேறும் ஒப்பந்தம் எப்படி எழுதப்பட்டது, அதை எந்தப் பிரதமர் கெடுத்தார், அடுத்தவர் எப்படி மேலும் கெடுத்தார், பிரபுக்கள் சபை என்ன சொல்லி எச்சரித்தது என்று, பிழையான இலக்கணமும் சரியான விபரமுமாக, அவர் வாழ்க்கையில் பேசாமல் வைத்திருந்த அத்தனை ஜேர்மனும் கொட்டுண்டது. நிர்வாகி முதலில் பையைக் கீழே வைத்தார். பிறகு சுவரில் சாய்ந்தார். கடைசியில் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தத் தாமதத்துக்கு நான் மன்னிப்புக் கேக்கிறன்" என்று முடித்தார் ஜேசண்ணை. "நாங்கள் வெளியேறினது பிழைதான்."

நிர்வாகி கதவில் இருந்த பெயரைப் பார்த்தார். "நீங்கள் பிரித்தானியரா?"

"கிட்டத்தட்ட" என்றாள் துஷானி.

"விரிப்பை மட்டும் எடுத்துவிடுங்கள், தயவுசெய்து. வீட்டு விதியில் இருக்கிறது."

"லிஃப்ற் ஓடட்டும், எடுக்கிறன். இல்லாட்டி என்னைக் கைது செய்யுங்கோ!"

"எனக்கு அந்த அதிகாரமும் இல்லை."

"அங்க இருக்கு!" என்று கத்தினார் ஜேசண்ணை, சந்தோசம் தாங்காமல். "அதைத்தானே நான் சொல்லிக்கொண்டு இருக்கிறன்!"

திரும்ப வந்து விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டு நிர்வாகி இறங்கிப் போனார். திரும்ப அந்தக் கதவுக்கு வரவேண்டும் என்ற நினைப்பே அவரை வேலை செய்ய வைத்திருக்கவேண்டும். அடுத்த கிழமையே திருத்துகிறவர்கள் வந்துவிட்டார்கள். அதே உதிரிப்பாகம் பக்கத்து நகரத்திலேயே கிடந்ததாம்.

லிஃப்ற் ஓடிய முதல் வியாழக்கிழமை, பீட்ரெக் அம்மா தொப்பியும் உதட்டுச் சாயமுமாக இறங்கினார். துணைக்கு ஜேசண்ணை. ஐந்தாம் மாடியிலிருந்து கீழே வரும்வரை பிரபுக்கள் சபையைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்த மனுசி, கதவு திறந்ததும் என்னிடம், "லிஃப்ற் முந்தியைவிட மெதுவாகப் போகிறதோ?" என்று கேட்டார். அன்றைக்கு மூன்று கிழவர்களும் தோற்றார்கள். பெற்சீற்றைக் கொறற்றி அக்கா எழுத்துப் பிரித்து, தோய்த்து, கட்டிலில் விரித்துவிட்டார்.

ஜேசண்ணை திருந்திவிட்டாரா? என்ன கதைக்கிறீர்கள்! அன்றைக்குப் பின்னேரமே றெக்ஸை அழைத்து, அடிப்படை உரிமைகளைப் பற்றி ஒரு நீண்ட உரை நிகழ்த்தினார். றெக்ஸ் முதன்முறையாக முழுதும் கேட்டார். "அத்தான், எங்கட றோட்டில குப்பை எடுக்க வருகினமில்லை. அக்காட்டச் சொல்லி எனக்கும் ஒரு பெற்சீற் தைச்சு அனுப்புங்கோவன்" என்றார். அனுப்பியிருக்கிறார்கள்; இந்தமுறை நீலப்பூ.

பாவம், நல்ல மனிதர் என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். அதற்குப் பிறகு ஒரு சின்னச் சோதனை. இந்தக் கிழமை வாஷிங்டனில் யார் யாரை ஏசினார், டெல்லியில் எந்த அமைச்சர் கட்சி மாறப்போகிறார், லண்டனில் எந்த மசோதா தோற்கும் என்று கேட்டால் அரை மணித்தியாலம் மூச்சு விடாமல் சொல்வீர்கள், எனக்குத் தெரியும். அதெல்லாம் வேண்டாம். உங்கள் தெருவுக்காக நகரசபையில் உட்கார்ந்திருப்பவரின் பெயர் என்ன?

இல்லை, தொலைபேசியைக் கீழே வையுங்கள். தேடிப் பார்க்காமல் சொல்லுங்கள்.