தாசில்தார் பார்த்த தவளை

காலை ஆறே கால். வயலில் முதலில் தெரிந்தது மஞ்சள் நிறம். அது தவளை என்பது பிறகுதான் தெரிந்தது. தஞ்சாவூர் ஜில்லாக் குத்தாலத்துக்குக் கிழக்கே, முந்தைய இரவு பெய்த புரட்டாசியின் முதல் பெருமழையில் நிரம்பிக் கிடந்த வயல். கையளவு ஆண் தவளை ஒன்று, எலுமிச்சம்பழ நிறத்தில், தொண்டையின் இரு பக்கமும் நீலப் பைகளை ஊதி ஊதிப் பெட்டையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வரப்பில் குப்புறப் படுத்து ஒரே ஒரு படம் எடுத்தேன். அந்தப் படத்துக்கு நேர்ந்த அநியாயத்தை இத்தனை வருடமாகியும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அப்போது நான் தஞ்சாவூரில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில், தரங்கம்பாடியில் ஜவுளிக்கடை வைத்திருந்த நண்பன் பஷீரோடு சேர்ந்து தவளை, தும்பி, வண்டு என்று படம் எடுத்து, எங்களிடம் இருந்த ஒரே புத்தகத்தில் அவற்றின் பெயரைத் தேடுவது வேலை. (வேலை என்று நாங்கள்தான் சொன்னோம். பஷீரின் வாப்பா அதற்கு வேறு வார்த்தை வைத்திருந்தார்.) கேமராவும் கலர் ஃபிலிமும் பஷீரின் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்தவை. ஃபிலிமைக் கழுவச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். அதனால்தான் ஒரே ஒரு படம்.

படத்தின் பின்னால், சற்று மங்கலாக, ஒருவர் மாடு பூட்டிச் சேற்றைச் சமன் செய்து பரம்படித்துக்கொண்டிருந்தார். பெயர் கலியபெருமாள். என்னைப் பொறுத்தவரை அவர் பின்னணி.

தை பிறந்ததும் அந்தப் பின்னணி எங்கள் அலுவலகத்துக்கு வந்து நின்றது. அன்றைக்குச் சேற்றில் படுத்து எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டது. ஆகா, தவளையின் புகழ் குத்தாலம் வரை பரவிவிட்டது என்று நினைத்து, டீ வரவழைத்து, தவளையின் நாக்கு வாயின் முன்பக்கத்தில் ஒட்டியிருப்பதைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு அவர் தன் விஷயத்துக்கு வந்தார்.

குத்தகைக்காரர்கள் தாலுகா ஆபீஸில் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று கழக ஆட்சியில் சட்டம் வந்திருந்தது. பதிந்துவிட்டால் நினைத்தபோது வெளியேற்ற முடியாது. ஆகவே பதிவதற்குள் வெளியேற்றிவிட நிலக்காரர்கள் பறந்தார்கள். கலியபெருமாள் அந்தச் சித்திரையில்தான் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். குறுவை அறுத்ததோடு அவர் விட்டுவிட்டுப் போய்விட்டார், சம்பா என் சொந்தச் சாகுபடி என்றார் மிராசுதார். பக்கத்து வயல்காரர்களும் அதே மிராசுதாரின் குத்தகைக்காரர்கள். வாய் திறக்க மாட்டார்கள். கதிர் முற்றி அறுப்புக்கு நிற்கிறது. யார் அறுப்பது, அடுத்த வருடம் யார் உழுவது என்பதே கேள்வி. புரட்டாசியில் சம்பாவுக்குப் பரம்படித்தது கலியபெருமாள்தான் என்பதற்கு மிஞ்சிய சாட்சி என் படம்.

நெகட்டிவைத் தாராளமாகக் கொடுத்தேன். சாட்சி சொல்லவும் வருகிறேன் என்றேன்.

தாலுகா ஆபீஸில் தாசில்தார் முன்னால் விசாரணை. அன்று இரண்டு தரப்பு வக்கீல்களும் ஒரே கட்சிக் கரை வேட்டியில் வந்திருந்தார்கள். கலியபெருமாளின் வக்கீல் பெரிதாக்கிய ஒரு படத்தை என்னிடம் நீட்டி, “இது நீங்க எடுத்த படம்தானே?” என்றார்.

பார்த்தேன். கறுப்பு வெள்ளை. நட்டநடுவில் கலியபெருமாள். இரண்டு மாடுகள். கீழ்ப்பாதியைக் காணோம். கீழ்ப்பாதியில்தான் என் தவளை இருந்தது.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

“இல்லைங்க” என்றேன். “நான் எடுத்த படத்துல தவளை இருக்கும்.”

மிராசுதாரின் வக்கீல் அவசரமே படாமல் எழுந்தார். “சாட்சியே இது தன் படம் இல்லங்கிறார். அதை அப்படியே எழுதிக்கங்கய்யா.” மேலும், அது ஆனி மாதக் குறுவை உழவில் எடுத்த ஏதோ ஒரு படம், சம்பாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்.

கலியபெருமாள் என்னைப் பார்க்கவில்லை. தோள் துண்டை எடுத்து, காய்ந்த துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். அவருடைய வக்கீல் என் காதருகே குனிந்தார். “தவளையோட குடுத்தா சிரிப்பாங்கன்னுதான் வெட்டினேன். நீங்க எந்தப் பக்கம் தம்பி?”

(தவளையின் பக்கம். வெளியே சொல்லவில்லை, அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.)

மற்றவர்கள் சட்டைப் பையில் குழந்தை படம் வைத்திருப்பதுபோல் நான் அந்தக் கலர்ப் படத்தை வைத்திருந்தேன். எடுத்துத் தாசில்தார் மேசையில் வைத்தேன். இந்த இனத்து ஆண், வருடம் முழுக்கச் சேற்றுப் பச்சையாகத்தான் இருக்கும், முதல் பெருமழைக்குப் பிறகு சில நாட்கள் மட்டும் மஞ்சளாகும் என்று தொடங்கினேன். மிராசுதாரின் வக்கீல், இது தாலுகா ஆபீஸா மிருகக்காட்சி சாலையா என்று கேட்டார். அறை முழுக்கச் சிரிப்பு. பியூன்கூடச் சிரித்தார்.

தாசில்தார் சிரிக்கவில்லை. படத்தை மிராசுதார் பக்கம் நகர்த்தினார்.

“நீங்க சொல்லுங்க. ஆனி மாசத்துல உங்க வயல்ல தவளை இந்த நிறத்துல இருக்குமா?”

மிராசுதார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். விவசாயத்தில் தன்னை ஒருவர் சோதிக்கிறார் என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. “ஆனியில எங்க சார் இருக்கும்? புரட்டாசி மழை விழுந்தாத்தான் மஞ்சக் குளிச்சிட்டு வரும். சின்னப் புள்ளையக் கேட்டாலும் சொல்லும்.”

அவருடைய வக்கீல் கண்களை மூடிக்கொண்டார்.

உத்தரவு கலியபெருமாளுக்குச் சாதகமாக வந்தது. சம்பாவை அவரே அறுத்தார். உத்தரவில் என் தவளையின் பெயர் ‘படத்தில் காணப்படும் பருவ அடையாளம்’. கலர்ப் படத்தைக் கோப்போடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள். திரும்பக் கேட்டபோதெல்லாம், அது ஆவணம் சார், தர முடியாது என்றார்கள். நெகட்டிவை, வக்கீலுக்குப் படம் பெரிதாக்கிக் கொடுத்த ஸ்டூடியோக்காரர் எங்கோ வைத்துத் தொலைத்துவிட்டார். ஃபிலிம் துபாய் ஃபிலிம் என்பதைப் பஷீர் இன்றுவரை ஞாபகப்படுத்துகிறான்.

எங்கள் வீட்டில் யாராவது கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் என் மனைவி சொல்வாள்: “தவளை இருக்கான்னு பாருங்க. இல்லாட்டி இவர் இது என் கல்யாணமே இல்லம்பார்.”

போன வருடம் குத்தாலம் போயிருந்தபோது கலியபெருமாள் வீட்டில் சாப்பிட்டேன். கூடத்தில் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். வக்கீல் வெட்டிய கறுப்பு வெள்ளைப் பிரதி.