தேசம்தாவி

காலையில் செவிலிமேட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் ஓர் இனம் உண்டு. பெரிய அதிகாரி எந்த நாட்டுக்காரரோ, பாஸ்போர்ட் எடுக்காமலே அந்த நாட்டுக்காரராகிவிடும். தேசம்தாவி என்று வைத்துக்கொள்வோம். நம் சத்யராஜ் அதில் முதல் தரம்.

ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவர் ஷிப்ட் மேனேஜர். ஜப்பான்காரர் தலைமையில் இருந்தவரை கேண்டீனில் சாம்பார் ஊற்றுகிறவர், வாட்ச்மேன், தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு என்று எல்லாருக்கும் இடுப்பை வளைத்தார். முடியாது என்ற சொல்லைத் துறந்து, பல்லிடுக்கில் காற்றை இழுத்து, "பாக்கலாம்மா" என்றார்; ஜப்பானில் அதற்கு முடியாது என்று அர்த்தமாம். ஆபரேட்டர் எஸ்தர் கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டுவிட்டு, அவர் யோசிக்கிறார் என்று நம்பி, கிறிஸ்துமஸ் அன்றும் மெஷின் முன்னால் நின்றாள்.

ஜெர்மன்காரர் வந்தார். இடுப்பு நிமிர்ந்தது. மனதில் பட்டதை அப்படியே சொல்வதுதான் மரியாதை என்று கண்டுபிடித்து, மைத்துனியின் முகூர்த்தப் புடவை எடுக்கப் பெரிய காஞ்சிபுரம் போன இடத்தில், மாமியார் ஆசையாய்ப் பிரித்த பட்டைப் பார்த்து, "நல்லால்ல" என்றார். மாமியார் இன்றுவரை பேசுவதில்லை. எஸ்தர் தம்பி கல்யாணத்துக்கு லீவு கேட்டபோது, "கெடையாது. நேராச் சொல்றேன், தப்பா எடுத்துக்காத." தப்பாக எடுத்துக்கொள்ளாமல் எப்படி இருப்பாள், பாவம்?

இப்போது அமெரிக்கர். "சார்லாம் வேணாம்பா, சத்யான்னே கூப்டுங்க." எதற்கெடுத்தாலும் கிரேட்; முடியாது என்பதைக்கூடப் பாராட்டில் சுற்றித்தான் தருவார்.

எஸ்தர் வந்தாள். "சார், ஞாயித்துக்கெழம சர்ச்ல எம் பொண்ணுக்குப் புதுநன்மை, மொத மொத நற்கருணை வாங்குறா. ஷிப்டுக்கு வர முடியாது."

"கிரேட், எஸ்தர். மனசு விட்டுச் சொன்ன பாரு, அது கிரேட்."

அவரைப் பொறுத்தவரை அது மறுப்பு. ஞாயிற்றுக்கிழமை எஸ்தரின் மெஷின் சும்மா நின்றது.

திங்கட்கிழமை, அமெரிக்கர் பக்கத்தில் நிற்க, சத்யராஜ் கேட்டார்: "லீவு நான் குடுக்கவே இல்லியே?"

"கிரேட்டுன்னீங்களே சார். ஜப்பான்காரர் இருந்தப்ப காத்துக்கினே இருந்தேன். ஜெர்மன்காரர் இருந்தப்ப அழுதுக்கினே போனேன். இந்த வாட்டிதான் புரியிற மாதிரி சொன்னீங்க."

விஷயத்தைக் கேட்டறிந்த அமெரிக்கர் அவள் கையைக் குலுக்கி, மகளுக்கு வாழ்த்துச் சொன்னார். சத்யராஜுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. எஸ்தரிடம் கோபப்பட வேண்டும். எந்த நாட்டு முறையில் என்றுதான் தெரியவில்லை.

சிரிக்கிறீர்களா? உங்களிடம் கடைசியாக லீவு கேட்டவருக்கு, முடியாது என்பதை எவ்வளவு அழகாகச் சொன்னீர்கள்? அவர் இன்னும் உங்கள் பதிலுக்குக் காத்திருக்கலாம்.