நாற்பத்தாறு உருப்படியும் ஒரு சாவியும்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. முப்பத்தொரு வருடம் முன்பு நான் போட்டது. சக்கரம் கழற்றி மாட்டத் தெரியாத எவரும் நம் காரை ஓட்டக் கூடாது.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். ‘எவரும்’ என்றால் யார் என்று விளக்க வேண்டியதில்லை. கார் வாங்கிய வாரமே என் மனைவி, “நானும் ஓட்டக் கத்துக்கட்டுமா?” என்று கேட்டாள். முடியாது என்று சொன்னால் சண்டை வரும். சட்டம் போட்டால் வராது. போட்டேன். அவள் சக்கரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “சரிங்க” என்றாள்.

அன்றிலிருந்து சாவி என் சட்டைப் பையில். சட்டை என் மேல்.

போன மாதம் அவளுடைய அக்காவுக்குக் கண்ணில் ஆபரேஷன். தனிக்கட்டை. குனியக் கூடாது, அடுப்பண்டை நிற்கக் கூடாது, வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட ஆள் வேண்டும். ஒரு மாதத்துக்குத் தினமும் போய்வர வேண்டும் என்றாள் மனைவி. இரண்டு நாள் காரில் கொண்டுபோய் விட்டேன். மூன்றாம் நாள் கேட்டேன்.

“தினம் தினமா? இது காரா, ஆம்புலன்ஸா?”

அவள் பையை எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் போனாள். நடுவில் ஒரு பஸ் மாற வேண்டும். சாயங்காலம் முழங்கால் வீங்கி வந்தாள். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் பேசாமல் இருந்தால் நான் பயப்பட வேண்டும். இத்தனை வருடத்தில் இதைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை நான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வாசலில் பார்த்தால், காரின் முன்பக்க இடது டயர் தரையோடு தரையாகக் கிடந்தது.

“பஞ்சர்காரனைக் கூப்பிடு.”

“கூப்பிடலாங்க. ஆனா சட்டம்?”

“என்ன சட்டம்?”

“சக்கரம் கழற்றி மாட்டத் தெரியாதவங்க வண்டி ஓட்டக் கூடாதுன்னு.”

“அது உனக்கு.”

“எவரும்னு சொன்னீங்களே.”

எதிர்வீட்டுக் கம்பவுண்டர் தன் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த வீட்டு விவகாரத்திலிருந்து இன்னும் பெறவில்லை. பேப்பரை மடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

“சார், நீங்க இதுவரைக்கும் ஒரு சக்கரமாவது கழற்றினது உண்டா?”

“இதெல்லாம் ஒரு கேள்வியா?”

“உண்டா, இல்லையா?”

முப்பத்தொரு வருடத்தில் பஞ்சர் ஆனபோதெல்லாம் பஞ்சர் கடை கண்ணுக்கெட்டிய தூரத்திலேயே இருந்தது. அது என் குற்றமா?

“ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு வாங்க. நானே கழற்றி மாட்டறேன். மாட்டலைன்னா...”

“மாட்டலைன்னா?” என்றாள் மனைவி.

“யாரு மாட்டறாங்களோ அவங்க கையில சாவி.”

கோபத்தில் வந்த வார்த்தை.

“அண்ணா, நீங்களும் கேட்டீங்க இல்ல?”

“ரெண்டு காதாலயும் கேட்டேன் தங்கச்சி.”

மறுநாள் கடைக்குப் போனோம். டிக்கியில் ஜாக்கியும் ஸ்டெப்னி என்ற மாற்றுச் சக்கரமும் மட்டும்தான் இருந்தன. வண்டியோடு வந்த ஸ்பேனரை எப்போதோ யாருக்கோ இரவல் கொடுத்தேன். போன இடத்தில் அது குடித்தனம் வைத்துவிட்டது.

கடைக்காரர் நாலே நாலு ஸ்பேனரை எடுத்து மேஜைமேல் வைத்தார். கறுப்பு. பார்க்க ஒன்றுமில்லை. கையில் எடுத்தால் கனம்.

“இது நல்ல உருக்கு சார். வீட்டு வேலைக்கு இந்த நாலு போதும். ஆயுசுக்கும் வரும்.”

பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி திறந்திருந்தது. உள்ளே நட்டைக் கவ்வும் சாக்கெட், ஸ்பேனர், திருப்புளி, கடகடவென்று சத்தம் போடும் கைப்பிடி. ஒவ்வொன்றுக்கும் தனிக் குழி. எல்லாம் வெள்ளிப் பாத்திரம்போல மின்னின. விலை அந்த நாலையும்விடக் குறைவு.

“இதுல எத்தனை இருக்கு?”

“நாற்பத்தாறு உருப்படி.”

“நாலு பெருசா, நாற்பத்தாறு பெருசா?”

“எண்ணிக்கைல இது பெருசு சார். ஆனா இறுகின நட்டுக்கு இது...”

“பேக் பண்ணுங்க.”

“நாற்பத்தாறுல எத்தனைங்க உருப்படும்?” என்றாள் மனைவி, என் காதருகில். நான் காது கேட்காதவன்போல் நின்றேன். வயதானதில் கிடைத்த ஒரே வசதி அது.

அவள் கடை முழுவதும் சுற்றிவிட்டு, கூட்டல் குறிபோல் இருந்த ஒரு இரும்பை எடுத்து வந்தாள். நாலு கை. கனமாக இருந்தது.

“இது எதுக்கு?”

“சமையல்கட்டுக் கதவு காத்துல அடிச்சுக்குது. அண்டை கொடுக்க.”

“கதவுக்கு அண்டை கொடுக்கக் கல்லு போதாது?”

“கல்லு கால்ல இடிக்குதுங்க.”

கடைக்காரர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் மூடிக்கொண்டார். பெண்களுக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தேன்.

ஞாயிறு, பத்து மணி. கம்பவுண்டர் தன் வீட்டு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டு உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மனைவி வாசற்படியில். நான் பெட்டியைத் திறந்தேன். வெயிலில் நாற்பத்தாறும் மின்னின.

ஜாக்கியை வைத்தேன். சுற்றினேன். வண்டி எழுந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

“ஏங்க, பின்சக்கரத்துக்கு அண்டையா ஒரு கல்லு வைக்கலையே.”

“கதவுக்கு அண்டை கொடுக்கறவ வண்டிக்குச் சொல்ல வந்துட்டா. சும்மா இரு.”

சரியான சாக்கெட்டைத் தேடி நட்டில் மாட்டி, கைப்பிடியை அழுத்தினேன். நட்டு சுற்றியது. சக்கரமும் கூடவே சுற்றியது. திரும்ப அழுத்தினேன். திரும்பவும் சுற்றியது.

“ராட்டினம் மாதிரி இருக்கு சார்” என்றார் கம்பவுண்டர்.

“கீழ இறக்கிடுங்க” என்றாள் மனைவி. “தரையில இருக்கும்போதே நட்டைத் தளர்த்திட்டு அப்புறம் தூக்கணும். இல்லைன்னா இப்படித்தான்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“சும்மா தோணிச்சு.”

அவளுக்குத் தோன்றியதால் அல்ல, எனக்கே தெரிந்ததால் இறக்கினேன். மறுபடி அழுத்தினேன். கைப்பிடி கடகடவென்று சத்தம் போட்டது. நட்டு அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினேன். கைப்பிடிக்குள் ஏதோ ஒன்று உடைந்து, அதன்பின் அது எந்தப் பக்கம் திருப்பினாலும் சுகமாகச் சுற்றியது. நட்டோடு அதற்கு எந்த உறவும் இல்லை.

பெட்டியிலிருந்து வேறொரு நீளக் கைப்பிடியை எடுத்துச் சாக்கெட்டில் செருகி, அதன்மேல் ஏறி நின்றேன்.

“அந்தப் பக்கம் இல்லைங்க. இன்னும் இறுக்கறீங்க.”

“எனக்குத் தெரியும்!”

மற்றப் பக்கம் ஏறி நின்றேன். ஒரு சத்தம் கேட்டது. நட்டு கழன்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். கழன்றது நட்டு அல்ல. சாக்கெட் இரண்டாகப் பிளந்திருந்தது. நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கப் பார்த்தேன். இடுப்பு பாதி வழியில் நின்றுவிட்டது.

கம்பவுண்டரும் அவளும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். அவருடைய நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். அவர் நின்றுகொண்டார். இடுப்பைத் தொட்டுப் பார்த்து, “பிடிப்புதான். நாலு நாள் வெந்நீர் ஒத்தடம்” என்றார். இருபது நிமிடம் ஆகியிருந்தது. ஒரு நட்டும் கழலவில்லை.

மனைவி உள்ளே போனாள். வெந்நீர் கொண்டுவரப் போகிறாள் என்று நினைத்தேன். வரும்போது கையில் அந்தக் கதவு அண்டை.

மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். பின்சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை வைத்தாள். காருக்குள் தலையை விட்டு, நான் போட மறந்திருந்த ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள். கூட்டல் குறியின் ஒரு கையை நட்டில் பொருத்தினாள். எதிரெதிர் இரண்டு கையைப் பிடித்து, ஒன்றை மேலே இழுத்து, ஒன்றைக் கீழே அழுத்தினாள். கிறீச்சென்றது. நட்டு தளர்ந்தது. அப்புறம் அதற்கு எதிர் நட்டு. அப்புறம் மற்ற இரண்டு. ஜாக்கி. சக்கரம் வெளியே வந்தது. டிக்கியிலிருந்து ஸ்டெப்னியை உருட்டி வந்தாள். மாட்டினாள். நட்டுகளைக் கையால் திருகி, வண்டியை இறக்கி, எதிரெதிராக இறுக்கினாள். அவளுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

“பதினொரு நிமிஷம்” என்றார் கம்பவுண்டர்.

“எங்க கத்துக்கிட்ட?”

“பஞ்சர் கடையிலதான். ஒவ்வொரு தடவையும் என்னை வண்டிக்குக் காவலா நிறுத்திட்டு நீங்க டீ குடிக்கப் போவீங்களே? சும்மா எவ்வளவு நேரம் நிக்கறது? நட்டை எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் இறுக்கிக் கொடுத்தேன். நீங்க நிதானமா ரெண்டு டீ குடிச்சுட்டு வருவீங்க.”

“இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?”

“சொல்லியிருந்தா சட்டத்தை மாத்தியிருப்பீங்க.”

மாற்றியிருப்பேன். என்ஜினைக் கழற்றி மாட்ட வேண்டும் என்று வைத்திருப்பேன்.

கையை நீட்டினாள். உள்ளங்கை முழுவதும் கறுப்பு. நான் விடவில்லை.

“சாவி கொடுத்தா மட்டும் போதுமா? லைசென்ஸ்?”

மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்து லைசென்ஸை எடுத்தாள். அவள் போட்டோ. இரண்டு வருடம் முன்பு வாங்கியது.

“போன தடவை கண்ணாடி மாத்தப் போறேன்னு இருபது நாள் தொடர்ந்து போனேனே. ஒரு கண்ணாடிக்கு இருபது நாளான்னு நீங்க கேக்கவே இல்லை.”

“கேட்டிருக்கணும் சார்” என்றார் கம்பவுண்டர்.

சட்டத்தில் சேர்க்க எனக்கு வேறு பிரிவு எதுவும் தோன்றவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். பை லேசாகிவிட்டது. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என்னைப் பக்கத்து இருக்கையில் ஏற்றினாள். முதுகுக்குத் தலையணை வைத்தாள். பின்னால் வரும் வண்டியைக் காட்டும் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். கொஞ்சமும் குலுங்காமல் வண்டியை எடுத்தாள். குலுங்கியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“எங்க போறோம்?”

“அக்கா வீட்டுக்கு. பன்னெண்டு மணிக்கு மருந்து விடணும். வழியில பஞ்சர் கடை.”

அவள் முழங்கால்களைப் பார்த்தேன். வீக்கம் இன்னும் இருந்தது. பிரேக்கையும் கிளட்சையும் அந்தக் கால்களாலேயே மிதித்தாள். நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

பஞ்சர்காரர் அவளுக்குத்தான் முதலில் வணக்கம் சொன்னார். டயரிலிருந்து டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். சுற்றிச் சுற்றி முக்கினார். ஒரு குமிழி வரவில்லை.

“சார், இதுல பஞ்சரே இல்லை. யாரோ காத்தைத் திறந்து விட்டிருக்காங்க.”

நான் மெதுவாகத் திரும்பினேன். இடுப்பு அவ்வளவுதான் திரும்பியது. அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, தெருவின் பாதியைக் கடந்திருந்தாள்.

“ஏய், எங்க போற?”

“நீங்க வண்டிக்குக் காவலா இருங்க. நான் ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன்.”

இரண்டு டீ குடித்தாள்.