குளிப்பாட்டும் காட்சி

மயிலாப்பூரிலிருந்து பத்ரிநாராயணன் என்றொருவர் போன் பண்ணி, படத்தில் வரும் குழந்தை தான்தான் என்று சொல்லிவிட்டார். பவுல்சாமிக்கு அன்று காலை இட்லி இறங்கவில்லை.

அறுபது வருஷமாக அந்தக் குழந்தை அவர்தான். தத்துப்பிள்ளையை உயிராக வளர்க்கும் ஒருத்தி, திரும்பி வந்து கேட்கும் பெற்றவள், ஊரே மூக்கைச் சிந்திய கறுப்பு வெள்ளைப் படம். கூட்டத்தில் நிற்கும் வேஷத்துக்குப் போன அவருடைய அம்மா கைக்குழந்தையையும் தூக்கிப்போனாராம். டைரக்டர் பார்த்ததும் வாங்கிக்கொண்டாராம். செத்துப்போகும்வரை அம்மா சொன்ன கதை. உதவித் தலைமையாசிரியராக ஓய்வுபெற்ற பவுல்சாமியிடம் சொல்லிக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாந்தோம் சர்ச்சின் பங்கு மண்டபத்தில் அந்தப் படத்தைப் போட்டு, அவருக்குச் சால்வை போர்த்துவதாக ஏற்பாடு.

கடைசி ரீலில் எப்போதும் அவர் கைக்குட்டை நனைந்துவிடும். வீட்டில் பேச்சு வேறு. மகள் சான்ட்ராவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம், குழந்தை இல்லை. தத்தெடுக்க மனுப் போட்டிருந்தாள். வீட்டுப் பெரியவருக்குச் சம்மதமா என்று கேட்க, மனுப் போட்ட இடத்திலிருந்து திங்கட்கிழமை ஆட்கள் வருகிறார்கள்.

"எவன் பெத்ததோ. நம்ம ரத்தமா அது? எனக்கு இஷ்டம் இல்லேன்னுதான் சொல்லுவேன்."

"படத்தைப் பாத்து மட்டும் அழறீங்களே டாடி."

"அது சினிமா."

மண்டபத்தைக் கவனிக்கும் டெரிக் இரண்டு பேரையும் வரவழைத்தான். பவுல்சாமி தன் குழந்தைப் பருவப் போட்டோவை நீட்டினார். பத்ரியும் ஒன்றை நீட்டினார். இரண்டும் ஒரே கொழுக்கட்டை முகம். படத்தில் ஒரு பிள்ளைக்கு இரண்டு தாய்கள் அடித்துக்கொண்டார்கள். இங்கே ஒரு தொட்டிலுக்கு இரண்டு கிழவர்கள்.

பவுல்சாமி குளிப்பாட்டும் காட்சியைப் போடச் சொன்னார். டெரிக் நிறுத்திக் காட்டினான். குழந்தையின் இடது பிட்டத்தில் அரையணா அளவுக்கு ஒரு மச்சம்.

"அது எனக்கு இருக்கு."

"அப்போ காட்டுங்கோ" என்றார் பத்ரி.

மண்டபத்துக் கழிவறையில் உதவித் தலைமையாசிரியர் பேன்ட்டை இறக்கினார். டெரிக் சாட்சிக்கு போனில் படம் எடுத்துக்கொண்டான். பத்ரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை குனிந்து பார்த்தார். மச்சம் யாருக்குத்தான் இல்லை, அந்தக் குழந்தையைக் கையால் தொட்டவர் யாராவது வந்து சொல்லட்டும் என்றுவிட்டார்.

பவுல்சாமி விடவில்லை. பழைய சினிமா ஆட்களிடம் விசாரித்து விசாரித்து, படப்பிடிப்பில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஆயா ஃப்ளோராவைத் தேனாம்பேட்டையில் கண்டுபிடித்தார். எண்பது தாண்டியவர். ஞாயிற்றுக்கிழமை தானே ஆட்டோ வைத்து அழைத்துவந்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் சான்ட்ரா, அழைப்பில்லாமலே பத்ரி. டெரிக் மேடையில் போனை நீட்டினான். ஃப்ளோரா கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார்.

"இதே மச்சம்தான். இவன்தான் அந்தக் கொயந்த."

கைதட்டல் எழுந்தது. பத்ரி செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார். சால்வை தோளில் ஏறியதும் பவுல்சாமிக்கு ஆசை அடங்கவில்லை. மைக்கை ஃப்ளோராவின் வாயருகே கொண்டுபோனார்.

"எங்கம்மா என்னை எப்படித் தூக்கிட்டு வந்தாங்கன்னு சொல்லுங்கம்மா. எல்லாருக்கும் கேக்கட்டும்."

ஃப்ளோரா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்கம்மா எங்க தூக்கினு வந்தா? நீ அநாதை மடத்துப் புள்ள நைனா, சிஸ்டருங்ககிட்ட கேட்டு நான்தான் வாங்கினு வந்தேன். ஷூட்டிங் முடிஞ்சு திருப்பி வுடப் போறப்போ, கூட்டத்துல நிக்க வந்த உங்கம்மா என் கையப் புடிச்சிக்கினு, 'எனக்குக் குடுத்துடுங்க'ன்னு அழுதா பாரு, அந்தப் படத்துல ஒருத்தியும் அப்படி அழுவல."