ஏத்தியாச்சா?

மேஜை டிராயரைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தார் சூப்பர்வைசர். கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாக ஒயர்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்தன.

"கேமராவோட கேபிள் எங்கே?"

"எந்தக் கேமரா?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

"நம்ம வீட்டுல எத்தனை கேமரா இருக்கு?"

"ஒண்ணுதான். அதுல இருக்கிற போட்டோவைக் கம்ப்யூட்டர்ல ஏத்துங்கன்னு நான் சொன்னப்பல்லாம், 'எந்தக் கேமரா?'ன்னு நீங்கதான் கேட்டீங்க. இன்னைக்கு நான் கேட்டுப் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு."

அவர் ஒயர்க் குவியலைக் கிளறினார். மாலை ஐந்து மணிக்குக் கெடு. அதற்குள் படம் வராவிட்டால் கோப்பை போய்விடும்.

காலையில்தான் வந்து நின்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர். தொழிலில் பல் டாக்டர். ஆகவே வலிக்கப்போகும் விஷயத்தைச் சிரித்த முகத்தோடு சொல்லிப் பழகியவர்.

"ஒரு புகார் வந்திருக்கு. அறுபது வயசு தாண்டின பெண்களுக்கான நூறு மீட்டர் ஓட்டத்துல உங்க மாமியார் முதல்ல வரலையாம். எதிர்வீட்டு டீச்சர், தான்தான் முதல்ல வந்தேன்னு சொல்றாங்க."

"போட்டி முடிஞ்சு மூணு மாசம் ஆச்சே சார்!"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அப்போ ஆதாரத்தைக் காட்டுங்க'ன்னு ஒத்தைக் கால்ல நிக்கறாங்க. எல்லைக்கோட்டுல நின்னு படம் எடுத்தது நீங்க ஒருத்தர்தான். மத்தவங்களைக் கயிறு கட்டி வெளியே நிறுத்தினதும் நீங்கதான். அந்தப் படத்தை அஞ்சு மணிக்குள்ள என் கிளினிக்குக் கொண்டு வாங்க. வரலைன்னா கோப்பை எதிர்வீட்டுக்கு. அதுவரைக்கும் அது என்கிட்ட இருக்கட்டும்."

சூப்பர்வைசர் கொதித்தார். மாமியார் கொதிக்கவில்லை. ஃப்ரிட்ஜ் மேல் இருந்த கோப்பையைத் தானே எடுத்து, முந்தானையால் துடைத்து, செயலாளர் கையில் கொடுத்தார்.

"பத்திரமா வெச்சுக்குங்க டாக்டர். சாயங்காலம் எங்க மாப்பிள்ளை வந்து வாங்கிப்பார்."

சொல்லிவிட்டு, வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் புதிருக்குத் திரும்பிவிட்டார். அந்த நம்பிக்கைதான் சூப்பர்வைசரை டிராயர் டிராயராகத் தேட வைத்தது.

அவர் ஒரு கூரியர் கம்பெனியில் டெலிவரி சூப்பர்வைசர். 'இன்றே சேரும்' என்பது கம்பெனியின் வாசகம், எழுதியவரே அவர்தான். ஊரின் எந்த மூலைக்கும் ஒரே நாளில் பார்சல் சேர்ப்பவருக்கு, அலமாரியில் இருக்கும் கேமராவிலிருந்து மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் படங்களைச் சேர்க்க மூன்று மாதமாக முடியவில்லை. இடைவெளி ஒரு முழம் இருக்கும். கேட்டால், "ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்" என்பார். சொட்டுகிற சமையலறைக் குழாயும், ஆடுகிற கட்டில் காலும் அதே ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்துக்கொண்டிருந்தன.

ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல்.

"ஏத்தியாச்சா தம்பி?"

எதிர்வீட்டு டீச்சர். கேட்டில் கையை ஊன்றிக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

"நெஞ்சழுத்தத்தைப் பார்த்தியா? புகாரும் கொடுத்துட்டு நக்கல் வேற!" என்று பல்லைக் கடித்தார் சூப்பர்வைசர். வேகம் கூடியது. ஒயர்க் குவியலிலிருந்து கேமராவுக்குப் பொருந்தும்போல் இருந்த ஒன்றை உருவினார். நுழைத்தார். போகவில்லை. அழுத்தினார். போனது. ஆனால் கம்ப்யூட்டர் அசையவில்லை. கேபிளை இழுத்தார். போனது வரவில்லை.

"மெல்ல இழுங்க" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியும்."

பலமாக இழுத்தார். கேபிள் வந்தது. கேமராவில் அது செருகியிருந்த உலோகத் துளையும் கூடவே வந்தது.

"இதுவும் உங்களுக்குத் தெரியுமா?"

"கேமரா போனா போகட்டும். படமெல்லாம் மெமரி கார்டுலதான் இருக்கு. அதை எடுத்து நேரா கம்ப்யூட்டர்ல சொருகினா முடிஞ்சுது வேலை."

கார்டை எடுத்தார். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. மாமியாரின் மொத்த மானமும் அதற்குள் இருந்தது. கம்ப்யூட்டர் பெட்டியின் முகப்பில், சிடி போடும் தட்டுக்கு மேலே, மெல்லிய ஒரு சந்து. கார்டுக்கென்றே அளவெடுத்த மாதிரி. செருகினார். வழுக்கிக்கொண்டு போனது.

டொக்.

சூப்பர்வைசரின் முகம் மாறியது.

"ஏறிடுச்சா?" என்றாள் மனைவி.

"விழுந்துடுச்சு."

அது கார்டு போடும் துளை அல்ல. பெட்டியை மாட்டியவர் சரியாக மாட்டாமல் விட்ட இடைவெளி.

"பரவாயில்லைங்க. மூணு மாசத்துல முதல் தடவையா போட்டோவெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு."

"மாப்பிள்ளை" என்று கூப்பிட்டார் மாமியார், தலையை நிமிர்த்தாமல். "நிதானத்துக்கு எதிர்ச்சொல். அஞ்செழுத்து."

"அவசரம், அத்தை!"

"பொருந்துது" என்று எழுதிக்கொண்டார்.

ஸ்க்ரூ டிரைவர் கிடைக்கவில்லை. கறிக்கத்தியால் ஆணிகளைத் திருகினார். பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினார். ஒரு கொண்டை ஊசி விழுந்தது. காணாமல்போன சட்டைப் பொத்தான் விழுந்தது. மனைவியின் ஒற்றைக் கம்மல் விழுந்தது. அதற்காக அவர் போன வருடம் வாங்கிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்தது. கடைசியாகக் கார்டு விழுந்தது.

பெட்டியை மூடி, பட்டனை அமுக்கினார். கம்ப்யூட்டர் மூன்று தடவை கீச்சிட்டது. அப்புறம் பேச்சு மூச்சில்லை.

"ஆபீசுக்குப் போறேன். அங்கே கார்டு ரீடர் இருக்கு" என்று சட்டையை மாட்டினார். மறுபடி எங்கேயாவது விழுந்துவிடக் கூடாதே என்று கார்டை ஒரு கவருக்குள் போட்டு ஒட்டினார். இத்தனை வருடத் தொழிலில் கவர் ஒன்று கையில் இருந்தால் பேனா சும்மா இருக்காது. செயலாளரின் பெயரையும் கிளினிக் முகவரியையும் குண்டு குண்டாக எழுதினார்.

கேட்டைத் தாண்டும்போது டீச்சர் மறுபடி: "ஏத்தியாச்சா தம்பி?"

"ஏத்தத்தான் போறேன்!" என்று உறுமிவிட்டுப் போனார்.

ஆபீசில் தன் மேஜை மேல் கவரை வைத்தார். கணக்குப் பிரிவுக்குப் போய் ரீடரைக் கேட்டு வாங்கினார். திரும்பி வந்தார். மேஜை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"இங்கே ஒரு கவர் இருந்துச்சே?"

பார்சல்களைப் பதிவு செய்யும் பெண் பெருமையோடு எழுந்து நின்றாள். "கிளம்பிடுச்சு சார்! 'என் மேஜை மேல ஒரு கவர் மூச்சு விடுற நேரம்கூட இருக்கக் கூடாது'ன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். சுவரில் எழுதி ஒட்டியும் இருந்தார்.

"யாரு எடுத்துட்டுப் போனது?"

"மீசைக்காரர் சார். கிளினிக் அவரோட லைன்ல கடைசி. எப்படியும் ஆறு மணிக்குள்ள சேர்ந்துடும்."

ஐந்து மணிக்குப் போக வேண்டிய மானம் ஆறு மணிக்குப் போய் என்ன பயன்? ஆட்டோ பிடித்து விரட்டினார். மூன்றாவது தெருவில், ஒரு மாடி வீட்டு வாசலில், பெரிய அட்டைப்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார் மீசைக்காரர். கம்பெனியிலேயே நேர்மையானவர் என்று போன வருடம் சூப்பர்வைசர் கையாலேயே பரிசு வாங்கியவர்.

"அந்தக் கவரைக் கொடுய்யா!"

"எந்தக் கவர் சார்?"

"பல் டாக்டர் கவர்."

மீசைக்காரர் பையைத் திறந்து, கவரைப் பார்த்து, திரும்ப மூடினார்.

"இது டாக்டர் பேருக்கு வந்தது சார். பெறுநரைத் தவிர கடவுளே வந்து கேட்டாலும் கொடுக்கக் கூடாதுன்னு..."

"சொன்னவனே நான்தான்யா!"

"அதான் சார், கொடுத்துட்டா நீங்களே என்னைத் திட்டுவீங்க."

"அனுப்பினவன் கேட்டா கொடுக்கலாம்ல? அனுப்பினது நான்!"

மீசைக்காரர் கவரை மறுபடி எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். "அனுப்புநர் பேரே இல்லையே சார். இப்படி எழுதாம அனுப்புறவங்களைப் பத்தி மீட்டிங்ல நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்களே, அது என்ன சார்?"

அந்த வார்த்தையை நடுத்தெருவில் சொல்ல முடியாது.

வேறு வழியில்லை. சூப்பர்வைசர் வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டார். மீதிப் பார்சல்களை எவ்வளவு சீக்கிரம் சேர்க்கிறார்களோ, அவ்வளவு சீக்கிரம் கிளினிக். ஆகவே மேலதிகாரி மாடிப்படி ஏறினார். இஸ்திரிப் பெட்டியை ஒரு வீட்டுக்கும், செருப்பு ஜோடியை இன்னொரு வீட்டுக்கும் கொடுத்தார். ஒரு நாய் துரத்தியது. ஒரு பாட்டு வாத்தியார், "புது ஆளா? மூச்சு பத்தலையே" என்று பரிதாபப்பட்டார். "டெலிவரிக்கு என்ன இவ்வளவு நேரம்?" என்று தான் தினமும் போனில் கத்தும் வாசகத்தை அன்று அவர் வாய் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

கிளினிக் வாசலில் வண்டி நிற்கும்போது கடிகாரத்தில் பெரிய முள் பன்னிரண்டைத் தொட எட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே செயலாளர் கையுறையோடு ஒரு மனிதரின் வாய்க்குள் இருந்தார். மேஜை மேல் கோப்பை. அதற்குள் பஞ்சு.

"சார், போட்டோ!" என்று பாய்ந்தார் சூப்பர்வைசர்.

"சார், கையெழுத்து!" என்று குறுக்கே நின்றார் மீசைக்காரர்.

"ரெண்டு கையும் வேலையா இருக்கு, பார்த்தா தெரியலை?" என்றார் செயலாளர்.

"கையெழுத்து இல்லாம கவர் கைமாறாது சார்."

"யோவ், அஞ்சு அடிக்கப்போகுதுய்யா!"

"விதி சார்."

நாற்காலியில் படுத்திருந்த நோயாளி, வாய் திறந்தபடியே, கண்ணால் கெஞ்சினார். பிறகு கையை நீட்டி, டாக்டரின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, டாக்டரின் கையில் திணித்தார். செயலாளர் கையுறையோடு கிறுக்கினார். மீசைக்காரர் அதைச் சரிபார்த்து, விறைப்பாக ஒரு வணக்கம் போட்டு, கவரை நீட்டினார். சுவர்க் கடிகாரம் ஐந்து அடிக்க ஆரம்பித்தது.

"நேரத்துக்கு வந்துடுச்சு" என்று ஒப்புக்கொண்டார் செயலாளர்.

பற்களைப் படம் எடுத்து நோயாளிகளைப் பயமுறுத்துவதற்கென்றே அங்கே ஒரு கம்ப்யூட்டரும், கார்டு ரீடரும், நாற்காலிக்கு மேலே பெரிய திரையும் இருந்தன. கார்டு உள்ளே போனது. சரியான துளைக்குள்.

முதல் படம்: ஒரு கட்டைவிரல். அடுத்தது: வானம். அதற்கடுத்தது: யாருடைய காதோ.

"நீங்க எடுத்ததா?"

"காத்து அதிகமா இருந்துச்சு சார்."

சூப்பர்வைசரின் ஷூ. சூப்பர்வைசரின் இன்னொரு ஷூ. தலையில்லாத பரிசளிப்பு விருந்தினர். செயலாளரின் விரல் மறுபடி தட்டியது.

திரை முழுக்க மாமியார்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலைமுடி பின்னால் பறக்க, நெஞ்சில் ரிப்பன் பட்டு வளைய, வாயைத் திறந்து கத்திக்கொண்டு மாமியார்! ஒரு மயிரிழைகூட மங்கல் இல்லை. இரண்டடி பின்னால் எதிர்வீட்டு டீச்சர், இரண்டு கையையும் தூக்கியபடி.

வாயில் பஞ்சோடு நோயாளி எழுந்து உட்கார்ந்து கைதட்டினார். காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்து விசிலடித்தார்கள். மீசைக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"சந்தேகமே இல்லை, முதல் பரிசு இவங்களுக்குத்தான்" என்றார் செயலாளர். "இந்த வயசுல என்ன ஒரு பல்வரிசை! ஆனா ஒண்ணு, டீச்சரைப் பாருங்களேன். தோத்தவங்க இவ்வளவு சந்தோஷமாச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை."

"வயித்தெரிச்சல் சார். மறைக்கிறதுக்குச் சிரிப்பாங்க."

எல்லாப் படங்களும் ஒரு பென் டிரைவில் ஏறின. பஞ்சைக் கொட்டிவிட்டுக் கோப்பையை இரு கையாலும் கொடுத்தார் செயலாளர்.

வீட்டுத் தெருவுக்குள் நுழையும்போது மீசைக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். பின்னால் சூப்பர்வைசர், ஒரு கையில் கோப்பையைத் தூக்கிப் பிடித்து, சட்டைப் பையில் பென் டிரைவோடு, போர்க்களத்திலிருந்து திரும்பும் ராஜா மாதிரி. பால்கனிகளில் ஆள் கூடினார்கள். மனைவி வாசலுக்கு ஓடி வந்தாள். அவள் பார்வையில், கல்யாணமான புதிதில் பார்த்த ஏதோ ஒன்று மின்னியது. ஒற்றைக் கம்மலையும் அவர் ஞாபகமாகப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"கம்ப்யூட்டர் போனா என்னங்க, டிவியிலயே போட்டுப் பார்ப்போம்" என்றாள். குரல் தேனாக இருந்தது.

மாமியார் கோப்பையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். "நான் சொன்னேனே, எங்க மாப்பிள்ளை வாங்கிட்டு வருவாருன்னு."

எதிர்க் கேட்டில் அதே கை, அதே சிரிப்பு.

"ஏத்தியாச்சா தம்பி?"

ஜெயித்தவன் இறங்கிப் பேச வேண்டும் என்று சூப்பர்வைசருக்குத் தோன்றியது. தெருவைக் கடந்து போய் நின்றார்.

"ஏத்தியாச்சு டீச்சர். போட்டின்னா ஒருத்தர்தான் ஜெயிக்க முடியும். நீங்க புகார் கொடுத்ததை நாங்க மனசுல வெச்சுக்கலை. நீங்களும் வெச்சுக்காதீங்க."

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலாக, வாசலில் கோப்பையோடு நின்ற மாமியாரைப் பார்த்து, தெரு முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"அக்கா! நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே புகார் கொடுத்தேன், ஒரே நாள்ல போட்டோ வந்துடுச்சு பாருங்க! அடுத்து அந்தச் சொட்டுற குழாய்க்கு என்னன்னு புகார் கொடுக்கட்டும்?"